பத்து மணிப் பரோட்டாவும் இரண்டு மணி ஏப்பமும்

கேள்வி: எனக்கு வயது 46. விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். மதியம் கடையிலேயே கேரியர் சாப்பாடு, பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். சாயங்காலம் டீயும் சேவும். இரவு கடை அடைத்துக் கிளம்ப மணி பத்தாகிவிடும். வாரத்தில் மூன்று நாளாவது எண்ணெய்ப் பரோட்டா, சால்னா, சுக்கா. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு கரித்துப் புளித்த ஏப்பம் வருகிறது, எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் ஜடராக்கினி அணைந்துவிடும் என்கிறார் என் மச்சான். அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை, விக்கல் எடுத்தாலும் சரி. சோற்றுக்குப் பிறகு பழம் தின்றால் வயிற்றிலேயே அழுகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து வாழைப்பழத்தையும் விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக மெடிக்கலில் நானே கேஸ் மாத்திரை வாங்கி, காலை டிபனுக்கு அப்புறம் போடுகிறேன். மூட்டை தூக்கி முதுகு வலித்தால் அதற்கும் ஒரு மாத்திரை உண்டு, பெயர் நினைவில்லை. என் வயிற்றில் ஜீரணமே நடக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. எண்டோஸ்கோபி எடுக்க வேண்டுமா?

பதில்:

விருதுநகர் நண்பருக்கு வணக்கம்.

முதலில் தண்ணீரைக் குடியுங்கள். விக்கல் எடுக்கும்போது செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பது வீண் தண்டனை. உங்கள் மச்சான் சொல்வதை நான் வாரம் தவறாமல் யாராவது ஒருவரிடம் கேட்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. தண்ணீர் சேர்ந்தால் அமிலம் நீர்த்துப்போகும், நீர்த்துப்போனால் சோறு செரிக்காது என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நிற்பதில்லை.

நீங்கள் வியாபாரி, கணக்கிலேயே சொல்கிறேன். அமிலத்தின் கடுமையை பி.எச். என்ற அளவால் சொல்வோம். சுத்தமான தண்ணீருக்கு 7. எண் குறையக் குறையக் கடுமை கூடும். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாறு 1.5 அளவில் இருக்கும். அந்தச் சாறு 100 மில்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நீங்கள் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரை ஊற்றுகிறீர்கள். சாறு மூன்று மடங்கு நீர்த்துவிட்டது. பி.எச். எவ்வளவு ஏறும்? வெறும் அரைதான். 1.5 என்பது 2 ஆகும். அந்த அளவுகோலில் ஒரு முழு எண் ஏற வேண்டுமானால் பத்து மடங்கு நீர்க்க வேண்டும். புரதத்தைத் துண்டாக்கும் பெப்சின் என்ற என்சைம் நன்றாக வேலை செய்வதே 2-ஐ ஒட்டிய இடத்தில்தான். ஆக, உங்கள் டம்ளர் தண்ணீர் எதையும் அணைக்கவில்லை.

அமிலத்தை உண்மையில் மட்டுப்படுத்துவது எது தெரியுமா? சாப்பாடுதான். பருப்பு, தயிர், கறி எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துக்கு இரைப்பையின் பி.எச். 4, 5 என்றுகூட ஏறி நிற்கும். அதற்கு இரைப்பை என்ன செய்கிறது? இன்னும் சுரக்கிறது. புரதம் வந்து சேர்ந்ததையும் சுவர் விரிந்ததையும் உணர்ந்து, காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டு, அமிலச் செல்களை முடுக்கிவிடுகிறது. ஓரிரு மணி நேரத்தில் பி.எச். மறுபடி இறங்கிவிடும். ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் சாற்றைச் சுரக்கும் உறுப்பு இது. ஒரு டம்ளருக்குப் பயப்படாது.

இன்னொன்றும் யோசியுங்கள். வெந்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதன்மேல் குழம்பு, ரசம், மோர். தண்ணீர் குடிக்காமல் சாப்பிடுவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் மதியச் சாப்பாட்டிலேயே அரை லிட்டர் தண்ணீர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ரசம் அணைக்காத ஜடராக்கினியைச் செம்புத் தண்ணீர் எப்படி அணைக்கும்? மச்சானிடம் கேட்டுப் பாருங்கள்.

குடித்த தண்ணீர் அங்கே தேங்குவதும் இல்லை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்தால் அதில் பாதி பத்து, பதினைந்து நிமிடத்தில் சிறுகுடலுக்குப் போய்விடும். சாப்பாட்டோடு குடித்தாலும் பெரும்பகுதி இரைப்பையின் உள்வளைவை ஒட்டி, சோற்றுக் குவியலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உங்களைப் போல எதுக்களிப்பு உள்ளவர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் முக்கால் லிட்டரை ஊற்றினால் எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். அமிலம் நீர்த்துப்போவதால் அல்ல, கொள்ளளவு மீறுவதால்.

சரி, ஜீரணமே நடக்கவில்லையோ என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

செரிமானம் என்பது அரைப்பதா, கரைப்பதா என்று ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், தான் வளர்த்த ஒரு பருந்தை வைத்து 1752-இல் அதற்கு ஒரு விடை கண்டார். பருந்து செரிக்காததை வாய் வழியே கக்கிவிடும். இரண்டு முனையும் திறந்த உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து, முனைகளில் கம்பி வலை கட்டி, பருந்தை விழுங்க வைத்தார். குழாய்க்குள் இருப்பதை இரைப்பையின் தசை நசுக்க முடியாது, சாறு மட்டும் உள்ளே போகலாம். பருந்து கக்கிய குழாயில் இறைச்சி பாதி கரைந்திருந்தது. அந்தச் சாற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824-இல் லண்டனில் பிரவுட் என்ற டாக்டர் சொன்னார். 1836-இல் ஷ்வான் என்ற ஜெர்மன் அறிஞர் பெப்சினைக் கண்டுபிடித்தார்.

இடையில், இதையெல்லாம் உயிருள்ள மனிதனின் வயிற்றுக்குள்ளேயே பார்க்கும் வாய்ப்பு ஒரு ராணுவ டாக்டருக்குக் கிடைத்தது. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மேக்கினாக் தீவில், தோல் வியாபாரக் கடை ஒன்றில் துப்பாக்கி தற்செயலாக வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற படகோட்டியின் இடது விலாவில் குண்டு பாய்ந்தது. பிழைக்க மாட்டார் என்று நினைத்த ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவே இல்லை. வில்லியம் பியூமாண்ட் என்ற அந்த டாக்டர், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் பட்டு நூலில் கட்டி, அந்தத் துளை வழியே உள்ளே விட்டு, மணிக்கு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். சாற்றைக் குழாயால் எடுத்துச் சீசாவில் ஊற்றி, இறைச்சியைப் போட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால் வயிற்றுக்கு வெளியிலும் அது கரைகிறது என்று காட்டினார். 1833-இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் வேகவைத்த அரிசிக்கு ஒரு மணி நேரம், வறுத்த பன்றி இறைச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம் என்று இருக்கிறது. செயின்ட் மார்ட்டின் கோபமாக இருந்தபோது செரிமானம் கெட்டதையும் குறித்து வைத்திருக்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்? வீட்டு வேலைக்காரனாகவும் வைத்துக்கொண்டு, நேரம் காலமில்லாமல் வயிற்றுக்குள் நூலை விட்டு இழுத்தால் யாருக்குத்தான் வராது? அவர் ஒன்றிரண்டு தடவை சொந்த ஊருக்கே போய்விட்டார். 1880-இல் அவர் இறந்தபோது, டாக்டர்கள் உடலை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மருத்துவத்துக்கு அவரால் கிடைத்தது பெரிது. அவரை நடத்திய விதம் சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆக, அரைப்பதும் உண்டு, கரைப்பதும் உண்டு. உங்கள் வயிற்றில் இரண்டும் எப்படி நடக்கின்றன என்று பார்ப்போம்.

காலியாக இருக்கும்போது இரைப்பை சுருங்கி, 50 மில்லி கொள்கிற அளவில்தான் கிடக்கும். முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போதே அதன் மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கத் தொடங்கும். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்வரை உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாமல் வாங்கிக்கொள்ளும். இந்தத் தளர்ச்சிக்கு உத்தரவு கொடுப்பது மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு கேரியரைக் காலி செய்தால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கூடவே ஒவ்வொரு வாயோடும் காற்றையும் விழுங்குகிறீர்கள். சாப்பிட்டதும் ஏவ் என்று வருவது பெரும்பாலும் அந்தக் காற்றுதான், ‘கேஸ் உற்பத்தி’ அல்ல.

மேல்பாதி ஒரு கிடங்கு. அங்கே சோறு அதிகம் கலக்கப்படாமல் குவிந்து கிடக்கும். எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் என்ற என்சைம் இருக்கிறது. குவியலின் நடுப்பகுதிக்கு அமிலம் போய்ச் சேரும்வரை அது தன் வேலையைத் தொடரும். சோற்றை உடைக்க இரைப்பைக்கென்று சொந்தமாக எந்த என்சைமும் கிடையாது. ஆகவே நன்றாக மெல்லாமல் விழுங்கிய சோற்றுக்கு இந்த முதல் உதவி குறைந்துபோகிறது.

நிஜமான அரைப்பு கீழ்ப்பாதியில். இரைப்பைச் சுவரில் தசை மூன்று அடுக்காக ஓடுகிறது: நீளவாக்கில் ஒன்று, வளையமாக ஒன்று, சாய்வாக ஒன்று. நடுப்பகுதியில் பிறக்கும் ஒரு சுருக்க அலை நிமிடத்துக்கு மூன்று தரம், அதாவது இருபது நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் கீழ்நோக்கி நகரும். நகர நகர வேகமும் இறுக்கமும் கூடும். அலை, சிறுகுடலுக்குப் போகும் வாசலை நெருங்கும்போது வாசல் இறுகிவிடும். 1 அல்லது 2 மில்லிமீட்டருக்குள் நைந்த துகளும் திரவமும் மட்டும் கசிந்து சிறுகுடலுக்குப் போகும். மற்றதெல்லாம் வந்த வழியே பின்னால் தெறித்து, சாற்றோடு கலந்து, அடுத்த அலைக்குக் காத்திருக்கும். ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுற்றச் சுற்ற, மறு கை வெளியே வழியும் மாவைத் திரும்பத் திரும்பக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்குமே, அப்படி. நைசாகும்வரை விடாது.

கரைப்பு வேலை இதோடு சேர்ந்தே நடக்கிறது. அமிலம் புரதத்தின் மடிப்புகளைப் பிரித்துவிடும். பிரிந்த இழையைப் பெப்சின் துண்டு போடும். பெப்சின் சுரக்கும்போதே வீரியத்தோடு வருவதில்லை. வந்தால் தன்னைச் சுரந்த செல்லையே தின்றுவிடும். பெப்சினோஜென் என்ற செயலற்ற வடிவில் வெளியே வந்து, அமிலம் பட்ட பிறகுதான் பெப்சினாக மாறும். கொழுப்பை உடைக்கவும் கொஞ்சம் லைப்பேஸ் உண்டு. இருந்தாலும் இந்த ரசாயன வேலையெல்லாம் ஒரு தொடக்கம்தான். பெரும் வேலை சிறுகுடலில், கணைய நீராலும் பித்தநீராலும் நடக்கிறது. இதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இரைப்பையே இல்லாமல் மனிதர் வாழ முடியும். சூரிச்சில் 1897-இல் ஷ்லாட்டர் என்ற சர்ஜன் முழு இரைப்பையையும் வெற்றிகரமாக அகற்றிக் காட்டினார். இன்று புற்றுநோய்க்காக அப்படிச் செய்துகொண்டவர்கள் எங்கள் ஓ.பி.க்கே வருகிறார்கள். அவர்களுக்குப் புரதம் செரிக்கிறது, சோறு செரிக்கிறது. இல்லாமல் போனவை வேறு: ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது, இனிப்பு சட்டென்று சிறுகுடலில் கொட்டினால் படபடப்பும் மயக்கமும் வரும், பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

இரைப்பையின் முதல் வேலை எது என்பது இதிலேயே தெரிகிறது. வாங்கி வைப்பது, நைசாக்குவது, அளந்து விடுவது. உங்கள் பிரச்சினை இந்த மூன்றாவதில் இருக்கிறது.

எவ்வளவு சாப்பிட்டாலும் இரைப்பை அதைத் தன் கணக்கில்தான் விடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 கலோரி. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, ‘கொஞ்சம் பொறு’ என்று இரைப்பையை மட்டுப்படுத்தும். சாதாரணச் சாப்பாடு நான்கு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளியேறிவிடும். இப்போது உங்கள் தட்டைப் பாருங்கள். உங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு நானும் ரசிகன்தான். அது கல்லில் சுட்டதல்ல, எண்ணெயில் பொரித்தது. மூன்று பரோட்டா, சால்னா, ஒரு சுக்கா என்றால் ஆயிரம் கலோரியை ஒட்டி வந்துவிடும். நிமிடத்துக்கு மூன்று என்று வைத்தாலும் ஐந்தரை மணி நேரம். பத்து மணிக்குச் சாப்பிட்டால் விடியற்காலை மூன்றரை. இரண்டு மணிக்கு உங்கள் வயிறு கனமாக இருப்பது செரிமானம் நின்றுபோனதால் அல்ல. அது பாதி வேலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்பம் ஏன் புளிக்கிறது? சாப்பிட்ட பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலம் முழுவதும் சோற்றோடு கலந்துவிடுவதில்லை. ஒரு பங்கு உணவுக்கு மேலே, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்கு அடியிலேயே ஒரு தனி அடுக்காகத் தேங்கும். நிற்கும்போதும் உட்காரும்போதும் அது கீழேதான் இருக்கும். படுத்தால் உணவுக்குழாயின் வாசலுக்கு நேரே வந்துவிடும். வயிறு விரிந்திருக்கும்போது அந்த வாசல் அடிக்கடி தளர்ந்து திறக்கும். பகலில் இப்படி ஏறி வரும் அமிலத்தை விழுங்கும் எச்சில் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. இரைப்பைச் சுவருக்குக் கோழைப்படலமும் அதில் ஊறி அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் என்ற உப்பும் காவல் இருக்கின்றன. உணவுக்குழாய்க்கு அந்தக் காவல் கிடையாது. அதனால்தான் அதே அமிலம் வயிற்றில் இருக்கும்போது தெரிவதில்லை, நெஞ்சில் ஏறினால் எரிகிறது.

சேவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரைப்பை காலியான பிறகு, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பலமான அலை ஒன்று கிளம்பி, நைசாகாமல் மிஞ்சிய தக்காளித் தோல், மிளகாய் விதை, நார் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டு குடல்வரை போகும். பட்டினியில் வயிறு கடமுட என்று சத்தம் போடுவதில் பெரும்பங்கு இதுதான். எதையாவது வாயில் போட்டால் இந்த வேலை அப்படியே நின்று, மறுபடி சாப்பாட்டு வேலை தொடங்கிவிடும். சாத்தூர் சேவு பக்கத்து ஊர்ச் சரக்கு, கடையில் டப்பா திறந்தே இருக்கும், தெரியும். நான்கு மணிக்கு ஒரு பிடி தின்றால் குற்றமில்லை. நான்கிலிருந்து ஒன்பதுவரை அள்ளிக்கொண்டே இருந்தால்தான் தொல்லை.

பழத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொருள் அழுக வேண்டுமானால் கிருமி வேண்டும், நேரமும் வேண்டும். உடம்பிலேயே கிருமிக்குப் பிடிக்காத இடம் இரைப்பைதான். வாழைப்பழம் சோற்றுக்கு முன் போனாலும் பின் போனாலும் அதே சாற்றில் நனைந்து அதே வாசல் வழியேதான் போகிறது. பழத்தின் நார் பெருங்குடலுக்குப் போய் அங்கே கிருமிகளால் புளிக்கும், காற்று உண்டாகும். அது அழுகல் அல்ல, குடலுக்கு நல்லது. பழத்தைத் திரும்ப ஆரம்பியுங்கள்.

இனி மாத்திரைகள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது தண்ணீரும் அல்ல, பரோட்டாவும் அல்ல. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, முதுகு வலி மாத்திரை, அதுதான். நம் ஊர் மெடிக்கலில் முதுகு வலி என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரைப்பைச் சுவரின் கோழைப்படலத்தையும் பைகார்பனேட்டையும் சுரக்கச் செய்வது புராஸ்டகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பதே புராஸ்டகிளாண்டினைக் குறைத்துத்தான். வலி குறையும், கூடவே காவலும் குறையும். வலியில்லாமலே புண் ஆழமாகி, ஒரு நாள் ரத்தமாக வாந்தியெடுத்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாத்திரையை இன்றிலிருந்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வலிக்கு அவசரம் என்றால் பாராசிட்டமால் போதும், அதையும் அளவோடு. முதுகுக்கு மருந்தைவிட, மூட்டை தூக்க ஒரு ஆளை வைப்பது மேல்.

காவலைக் குலைக்கும் இன்னொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. புளிப்பும் காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமி வளர்த்த குழம்பைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிக்கு இரைப்பை பிடிக்காது என்று மேலே சொன்னேன் அல்லவா, இது விதிவிலக்கு. கோழைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, தன்னைச் சுற்றி அம்மோனியா உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். நம் நாட்டில் இது மிகச் சாதாரணம். மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும். இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் போய்விடும்.

கேஸ் மாத்திரை என்று நீங்கள் சொல்வது பான்டோபிரசோல் வகையாக இருக்க வேண்டும். அது கேஸுக்கான மாத்திரையே அல்ல. அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் பம்புகளைப் பூட்டும் மாத்திரை. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பூட்ட முடியும். பம்புகள் ஓடத் தொடங்குவது சாப்பிடும்போது. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால், மருந்து ரத்தத்தில் தயாராக இருக்கும். டிபனுக்கு அப்புறம் போடுவது பாதிக் காசு வீண். இரண்டு வருடமாகப் போட்டும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் இதுவும் ஒரு காரணம். அமிலத்தைக் குறைப்பதால் ஜீரணம் நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள். கணையம் பார்த்துக்கொள்ளும். ஆனால் வருடக்கணக்கில் கேட்பாரில்லாமல் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம், வயிற்றுப்போக்குக் கிருமிகள் எளிதாக உள்ளே நுழையலாம். சட்டென்று நிறுத்தினாலும் சில வாரம் அமிலம் பழையதைவிட அதிகமாகச் சுரக்கும். ‘பார், மாத்திரை இல்லாமல் முடியவில்லை’ என்று தோன்றும். ஆகவே நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டரைக் கேட்டுத்தான்.

எண்டோஸ்கோபி எடுக்க வேண்டுமா என்றால், மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, சாப்பாடு நெஞ்சில் அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ரத்த வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே எடுக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றுதான் நினைக்கிறேன். 46 வயது, இரண்டு வருடத் தொல்லை, வலி மாத்திரைப் பழக்கம். பத்து நிமிட வேலை, தொண்டையில் மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நாள்பட்ட சர்க்கரையில் வேகஸ் நரம்பு பழுதானால் இரைப்பை காலியாவது நிஜமாகவே மெதுவாகிவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நடந்தாலோ படியேறினாலோ நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் விட்டுப்போனால், அல்லது நெஞ்சுக் கனத்தோடு வியர்த்து, கையோ தாடையோ வலித்தால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நேரே ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள். அந்த ஒரு விஷயத்தில் கேஸ் என்ற வார்த்தை நம் ஊரில் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது.

பழக்கத்தில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். பெரிய சாப்பாட்டை மதியத்துக்குக் கொண்டுவாருங்கள், பரோட்டாவையும் சேர்த்து, வாரத்துக்கு ஒரு நாள். இரவுக்கு ஏழரை மணிக்குக் கடையிலேயே நாலு இட்லியோ இடியாப்பமோ வரவழைத்துச் சாப்பிட்டுவிடலாம். பத்து மணிக்கு வீட்டில் பசித்தால் ஒரு டம்ளர் மோர், இல்லாவிட்டால் நீங்கள் விட்டுவிட்ட அந்த வாழைப்பழம். படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும், அது வேண்டாம். இடது பக்கமாகப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பையின் பை கீழேயும் உணவுக்குழாயின் வாசல் மேலேயும் இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது அந்த முதுகு வலி மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அட்டை தூக்கிப்போட்டாயிற்று என்றால் மெடிக்கலில் கேட்டுப் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பைலோரி பரிசோதனைக்கு முன் கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். எப்போதிலிருந்து நிறுத்துவது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.